சைமன் டி மான்ட்ஃபோர்ட், லெஸ்டர் ஏர்ல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவர் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரும் பிரபுக்களில் ஒருவர். சுமார் 1208-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். பாட்டி வழி உரிமையைக் கோரி லெஸ்டர் ஏர்ல் (பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம்) ஆனார். மூன்றாம் ஹென்றி மன்னரின் தங்கை எலினரை மணந்தார். 1258-இல் மன்னரின் கையைக் கட்டிய பிரபுக்களில் ஒருவராக இருந்து, சில ஆண்டுகளில் அந்த இயக்கத்துக்கே தலைவரானார். 1264 மே 14-இல் லூவிஸ் போரில் மன்னரையே சிறைப்பிடித்து, பதினைந்து மாதங்களுக்குச் சற்றுக் குறைவாக மன்னர் பெயரில் நாட்டை ஆண்டார். 1265 ஆகஸ்ட் 4-இல் ஈவ்ஷாம் போரில் கொல்லப்பட்டார்.

பாடப்புத்தகங்கள் அவரை “நாடாளுமன்றத்தின் தந்தை” என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரி மட்டும் போதாது. அவர் வாழ்க்கையில் இரண்டு இழைகள் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன: எடுத்த சத்தியத்தை விடாத பிடிவாதம் ஒன்று, தன் குடும்பத்துக்கு வரவேண்டிய பணத்தையும் நிலத்தையும் விடாத பிடிவாதம் மற்றொன்று. ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொன்னால் அவர் புனிதராகவோ பேராசைக்காரராகவோதான் தெரிவார்.

ஆல்பிஜென்சியன் சிலுவைப் போர் நடத்திய சைமன் டி மான்ட்ஃபோர்ட்டும் இவரும் ஒருவரா?

இல்லை. அவர் இவருடைய தந்தை. தென் பிரான்சில், திருச்சபைக்கு முரணானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கத்தார் பிரிவினருக்கு எதிரான போரை நடத்தி, 1218 ஜூன் 25-இல் துலூஸ் முற்றுகையில் கல் தாக்கி இறந்தார். இவருடைய மகன்களில் ஒருவருக்கும் சைமன் என்றே பெயர். 1265 நிகழ்வுகளைப் படிக்கும்போது “சைமன் கெனில்வொர்த்தில் தோற்றார்” என்று வந்தால் அது மகன். “ஈவ்ஷாமில் இறந்தார்” என்றால் தந்தை. அவரோடு இறந்த பீட்டர் டி மான்ட்ஃபோர்ட் பெயரொற்றுமை மட்டுமே கொண்டவர், உறவினர் அல்லர்.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் இங்கிலாந்தில் ஏர்ல் ஆனது எப்படி?

வாரிசுரிமை வழியாக. 1204-இல் லெஸ்டர் ஏர்ல் ராபர்ட் டி போமோன்ட் பிள்ளையில்லாமல் இறந்தார். சொத்து அவருடைய இரண்டு சகோதரிகளுக்குப் பிரிந்தது. மூத்தவர் அமிசியா சைமனின் பாட்டி. இளையவர் மார்கரெட், சேயர் டி குவின்சியின் மனைவி. ஆனால் அமிசியாவின் வாரிசுகள் பிரெஞ்சு மன்னரின் குடிகள். அந்த ஆண்டில்தான் ஜான் மன்னர் நார்மண்டியை பிரான்சிடம் இழந்திருந்தார். இரு மன்னர்களுக்கும் ஒரே நேரத்தில் விசுவாசம் காட்ட யாருக்கும் வழியில்லாமல் போனது. மான்ட்ஃபோர்ட் பங்கு ஜானின் கைக்குப் போய், பிறகு செஸ்டர் ஏர்ல் ரானல்ஃபின் பொறுப்பில் வந்தது.

சைமனின் அண்ணன் அமோரி பிரான்சில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் தன் ஆங்கில உரிமையைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்தார். 1230 வாக்கில் சைமன் ஹென்றியிடம் வந்து கேட்டார். வயதான ரானல்ஃபிடம் நேரிலேயே போய்ப் பேசினார். ரானல்ஃப் விட்டுக்கொடுக்க இசைந்தார். 1231 ஆகஸ்டில் சைமன் மன்னருக்கு மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் செய்து நிலத்தைப் பெற்றார். ஏர்ல் என்ற பட்டம் முறைப்படி கிடைக்க 1239 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது வருமானம். அவருக்கு வந்தது பாதி எஸ்டேட்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பவுண்டு. சாதாரண நைட் (குதிரைப்போர் வீரராகவும் இருந்த சிறு நிலக்கிழார்) ஒருவருக்கு அது கனவில்கூட எட்டாத தொகை. ஆனால் ஏர்ல்களின் வரிசையில் சைமன் ஏழை. கிளாஸ்டர், கார்ன்வால் ஏர்ல்களின் செல்வம் பல மடங்கு. பட்டத்துக்கும் பணத்துக்கும் இருந்த அந்த இடைவெளி அவரைக் கடைசிவரை துரத்தியது.

மன்னரின் தங்கையை மணந்ததில் என்ன சர்ச்சை?

எலினர் விதவை. முதல் கணவர் பெம்புரோக் ஏர்ல் வில்லியம் மார்ஷல் 1231-இல் இறந்தபோது அவருக்கு வயது சுமார் 16. துக்கத்தில், கேன்டர்பரி பேராயராகப் பின்னர் பொறுப்பேற்ற எட்மண்ட் முன்னிலையில், இனி மணப்பதில்லை என்று கற்பு விரதம் எடுத்திருந்தார். ஏழு ஆண்டு கழித்து, 1238 ஜனவரி 7 அன்று, வெஸ்ட்மின்ஸ்டரில் மன்னரின் சிற்றாலயத்தில் ரகசியமாகத் திருமணம் நடந்தது. மன்னரே தங்கையின் கையைப் பிடித்துக் கொடுத்தார்.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. விரதத்தை முறித்ததாகத் திருச்சபை கண்டித்தது. மன்னரின் தங்கையைப் போன்ற அரசியல் மதிப்புள்ள பெண்ணைத் தங்களைக் கலக்காமல் கொடுத்துவிட்டார் என்று பிரபுக்கள் கொதித்தார்கள். மன்னரின் தம்பி ரிச்சர்டு ஆயுதமே தூக்கினார். சைமன் ரோமுக்குப் போய் போப்பின் ஒப்புதலை வாங்கிவந்தார்.

அடுத்த ஆண்டே உறவு முறிந்தது. மன்னரின் மைத்துனர் என்ற தெம்பில் சைமன் கடன் வாங்கி, மன்னரைக் கேட்காமலே அவரைப் பிணையாகக் காட்டியிருந்தார். 1239 ஆகஸ்டில் அது தெரிந்ததும் ஹென்றி அவையிலேயே கத்தினார்: திருமணத்துக்கு முன்பே தன் தங்கையைக் கெடுத்தவன் என்று பழி சொன்னார். தம்பதியர் படகேறி பிரான்சுக்கு ஓடினார்கள். இரண்டொரு மாதங்களுக்கு முன்புதான் பட்டத்து இளவரசர் எட்வர்டுக்கு ஞானத்தந்தையாக நின்றிருந்தார் சைமன். பின்னால் அவரைக் கொல்லும் படைக்குத் தலைமை தாங்கியவர் அதே எட்வர்டுதான்.

எலினரின் விதவைப் பங்கு விவகாரம் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது?

ஏனென்றால் இங்கிலாந்தின் வெளியுறவுக் கொள்கையையே அது நிறுத்திவைத்தது.

அன்றைய வழக்கப்படி கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கின் வருமானம் விதவைக்கு ஆயுள் முழுக்கச் சேரும். மார்ஷல் குடும்பத்துக்கு அயர்லாந்திலும் வேல்ஸிலும் பரந்த நிலம் இருந்தது. எலினரின் பங்கை நிலமாகத் தராமல் ஆண்டுக்கு 400 பவுண்டு ரொக்கமாகத் தருவது என்று ஹென்றி ஏற்பாடு செய்தார். இளம் விதவை சம்மதித்துவிட்டார். உண்மையான பங்கு அதைவிட மிகப் பெரியது என்பதே சைமன், எலினர் இருவரின் வாதம். போதாக்குறைக்கு அந்த 400 பவுண்டும் ஒழுங்காக வரவில்லை. மார்ஷல் வாரிசுகள் தராதபோது மன்னர் தன் கஜானாவிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருந்தது.

1259-இல் ஹென்றியும் பிரான்சின் ஒன்பதாம் லூயியும் பாரிஸ் சமாதான உடன்படிக்கைக்கு வந்தார்கள். நார்மண்டி மீதான பழைய உரிமையை ஹென்றியோடு அவருடைய சகோதர சகோதரிகளும் கைவிட வேண்டும் என்பது லூயியின் நிபந்தனை. எலினர் கையெழுத்திட மறுத்தார்: என் பாக்கியைத் தீர்த்தால்தான் உரிமையை விடுவேன். உடன்படிக்கை மாதக்கணக்கில் தொங்கியது. கடைசியில் 1259 டிசம்பர் 4-இல் எலினர் இணங்கினார். ஹென்றிக்குத் தரவேண்டிய தொகையில் 15,000 மார்க்கை, இந்த வழக்கு தீரும்வரை லூயி தன்னிடமே நிறுத்திவைத்தார். (ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டில் மூன்றில் இரண்டு. தனி நாணயம் கிடையாது, கணக்குக்கு மட்டும்.)

நாட்டைச் சீர்திருத்தப் புறப்பட்ட தலைவர் சொந்த வழக்கை நாட்டின் சமாதானத்தோடு முடிச்சுப் போட்டார் என்பதை அவருடைய கூட்டாளிகளே மன்னிக்கவில்லை. கிளாஸ்டர் ஏர்ல் ரிச்சர்டு டி கிளேரோடு ஏற்பட்ட விரிசலுக்கு இதுவும் ஒரு காரணம்.

கஸ்கனியில் என்ன நடந்தது?

தென்மேற்கு பிரான்சில் இங்கிலாந்துக்கு மிஞ்சியிருந்த பகுதி கஸ்கனி. 1248-இல் ஏழு ஆண்டுக்கு முழு அதிகாரத்தோடு சைமன் அங்கே அனுப்பப்பட்டார். போர்டோ நகரில் கொலோம், சோலர் என்ற இரண்டு குடும்பக் கட்சிகள் மோதிக்கொண்டிருந்தன. நடுவராக நிற்காமல் சைமன் கொலோம் பக்கம் சாய்ந்தார், எதிராளிகளைச் சிறையில் தள்ளினார். கோட்டைகளைப் பிடித்தார், ஒழுங்கும் வந்தது. புகார் மூட்டைகளும் லண்டனுக்கு வந்தன. 1252-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் மன்னர் முன்னிலையில் விசாரணை நடந்தது. பிரபுக்கள் சைமன் பக்கமே பேசினார்கள், ஆனாலும் பதவி போனது. தன்னை அனுப்பிவிட்டுப் பின்னால் கைவிட்ட மன்னரின் வாக்கை இனி நம்ப முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தது இங்கேதான் என்பது எங்கள் கணிப்பு.

1258-இல் பிரபுக்கள் ஏன் கிளர்ந்தார்கள்?

பல காரணங்கள் ஒரே ஆண்டில் சேர்ந்தன. 1257-இல் விளைச்சல் பொய்த்து, 1258-இல் பஞ்சம். வேல்ஸில் இளவரசர் லிவெலின் கை ஓங்கியது. மன்னரின் தாய்க்கு மறுமணத்தில் பிறந்த சகோதரர்களான லுசிஞ்ஞன் குடும்பத்தார் 1247 முதல் அவையில் செல்வாக்கோடு இருந்தார்கள். அவர்கள் செய்யும் அக்கிரமத்துக்கு நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்கவில்லை. 1258 ஏப்ரல் 1 அன்று அவர்களில் ஒருவரான வின்செஸ்டர் ஆயர் எய்மரின் ஆட்கள் சர்ரேயில் ஷியர் என்ற ஊரில் பிரபு ஜான் ஃபிட்ஸ் ஜெஃப்ரியின் ஆட்களைத் தாக்கினார்கள். மன்னர் வழக்கையே கேட்க மறுத்தார்.

எல்லாவற்றுக்கும் மேல் சிசிலி. இளைய மகன் எட்மண்டுக்கு சிசிலி அரியணை வேண்டும் என்று ஹென்றி போப்பிடம் ஒப்பந்தம் செய்து, போப்பின் கடன் 1,35,541 மார்க்கைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். அதாவது சுமார் 90,360 பவுண்டு. அவருடைய சாதாரண ஆண்டு வருமானத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கட்டாவிட்டால் சபை விலக்கு. பணத்துக்காக ஏப்ரலில் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். ஏப்ரல் 12 அன்று சைமன் உட்பட ஏழு பிரபுக்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதாகச் சத்தியம் செய்துகொண்டார்கள். ஏப்ரல் 30 அன்று கவசத்தோடு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு வந்து, வாளை மட்டும் வாசலில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள்.

இந்த ஏழு பேரில் சைமன் ஒருவர், அவ்வளவுதான். முன்னே நின்று பேசியவர் நார்ஃபோக் ஏர்ல் ரோஜர் பிகட். சைமனை 1258-இன் மூளை என்று எழுதுவது பின்னால் வந்த புகழை முன்னால் ஒட்டுவதாகும்.

ஆக்ஸ்ஃபோர்டு விதிகள் நடைமுறையில் எப்படி இயங்கின?

மன்னரைக் கட்டுப்படுத்த 1258-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வகுத்த விதிகள் இவை. முதலில் 24 பேர் குழு: மன்னர் தரப்பில் 12, பிரபுக்கள் தரப்பில் 12. ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்பிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுக்கும். அந்த நால்வர் சேர்ந்து 15 பேர் ஆட்சிக்குழுவை அமைப்பார்கள். மன்னர் இந்தப் பதினைந்து பேரின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். எதிரியின் பட்டியலிலிருந்தே ஆள் எடுக்க வைத்த அந்த நடு ஏற்பாடு நுட்பமானது. ஆனாலும் முடிவில் சீர்திருத்தத் தரப்பே பெரும்பான்மை பெற்றது.

முத்திரைதான் அதிகாரத்தின் சாவி. மாமூலான ஆணைகள் தவிர எதற்கும் ஆட்சிக்குழு ஒப்புதலின்றி பெரிய முத்திரை குத்துவதில்லை என்று, அதை வைத்திருந்த அதிகாரியான சான்சலர் சத்தியம் செய்தார். அரசக் கோட்டைகள் புதிய காவலர்களிடம் போயின. பல ஆண்டு காலியாக இருந்த தலைமை நீதி அதிகாரி பதவிக்கு ஹியூ பிகட் வந்தார்; ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டார். ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டம் போன்ற பிரிவு) நான்கு நைட்டுகள் மக்களிடம் புகார்களைத் திரட்டினார்கள். கவுண்டியின் வரியும் நீதியும் ஷெரிப் கையில் இருந்தன. இனி ஷெரிப் அந்தந்த கவுண்டி ஆளாகவே இருக்க வேண்டும், பதவி ஓராண்டு மட்டும், லஞ்சம் கூடாது. நாடாளுமன்றம் ஆண்டுக்கு மூன்று முறை, குறித்த நாளில் கூடும்: அக்டோபர் 6, பிப்ரவரி 3, ஜூன் 1. மன்னர் விரும்பும்போது கூட்டலாம் என்ற நிலை இதனால் மாறியது. எங்களைக் கேட்டால், 1265-ஐவிட இந்த மூன்று தேதிகளே பெரிய புரட்சி.

1258 அக்டோபர் 18 அன்று மன்னரின் பிரகடனம் லத்தீன், பிரெஞ்சு மொழிகளோடு ஆங்கிலத்திலும் எழுதி கவுண்டிகளுக்கு அனுப்பப்பட்டது. அரசு ஆவணம் ஆங்கிலத்தில் வருவது அந்தக் காலத்தில் மிக அரிது. அடுத்த ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விதிகள் பிரபுக்களின் சொந்த அதிகாரிகளுக்கும் கட்டுப்பாடு வைத்தன. அங்கேதான் பல பிரபுக்கள் பின்வாங்கத் தொடங்கினார்கள். மன்னரைக் கட்டும் கயிறு தங்களையும் கட்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

பிறகு ஏன் உள்நாட்டுப் போர் வந்தது?

1261-இல் போப் நான்காம் அலெக்சாண்டர் விதிகளைக் காப்பதாக ஹென்றி எடுத்த சத்தியத்திலிருந்து அவரை விடுவித்தார். மற்ற பிரபுக்கள் ஒவ்வொருவராகச் சமரசமானார்கள். சைமன் மட்டும், மன்னரை விடுவித்தாலும் நான் எடுத்த சத்தியம் என்னைக் கட்டும் என்று பிரான்சுக்குப் போய்விட்டார். 1263 ஏப்ரலில் திரும்பி வந்தபோது, அதிருப்தியில் இருந்த இளம் பிரபுக்கள் அவரைத் தலைவராக ஏற்றார்கள். ஜூலையில் லண்டன் அவர் பக்கம் வந்தது. அதே மாதம் அரசி படகில் லண்டன் பாலத்தை நெருங்கியபோது மேலிருந்து கல்லும் குப்பையும் விழுந்தன. எட்வர்டு தன் தாய்க்கு நேர்ந்த அவமானத்தை மறக்கவில்லை.

இரு தரப்பும் ஒன்பதாம் லூயியை நடுவராக ஏற்றன. வழியில் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்ததால் சைமன் அங்கே போகவே இல்லை. 1264 ஜனவரி 23 அன்று அமியன்ஸில் லூயி தீர்ப்புச் சொன்னார்: விதிகள் அனைத்தும் செல்லாது. ஒரு மன்னரிடம் மன்னரைக் கட்டுப்படுத்தலாமா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? ஏப்ரலில் போர் வெடித்தது.

லூவிஸில் சிறிய படை எப்படி வென்றது?

இடமும் நேரமும்தான். மன்னரின் படை சசெக்ஸில் லூவிஸ் ஊருக்குள், மடாலயத்திலும் கோட்டையிலுமாகத் தங்கியிருந்தது. வடக்கே ஃப்ளெச்சிங்கில் இருந்த சைமனின் படை எண்ணிக்கையில் குறைவு. இரவோடு இரவாக நடந்து, விடியும்போது ஊருக்கு மேலே உள்ள சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் நின்றார்கள். அடையாளத்துக்கு எல்லோர் உடையிலும் வெள்ளைச் சிலுவை. மன்னரின் படை மேட்டை நோக்கி ஏறிப் போரிட வேண்டியதாயிற்று.

சைமனின் இடப்பக்கம் லண்டன்வாசிகள், போர்ப் பழக்கமில்லாதவர்கள். எட்வர்டின் குதிரைப்படை அவர்களைச் சிதறடித்தது. அங்கே எட்வர்டு நிற்கவில்லை, ஆத்திரத்தில் வெகுதூரம் துரத்திக்கொண்டே போனார். கால் முறிந்த சைமன் வந்த மூடுவண்டியைக் கொடியோடு பார்த்த அரச படையினர், அவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துத் தாக்கினார்கள். உள்ளே இருந்தவர்களோ அவர் பிடித்துவைத்திருந்த லண்டன் எதிரிகள். அதற்குள் சைமன் கையிருப்புப் படையை இறக்கி அரச படையின் நடுவையும் இடப்பக்கத்தையும் நொறுக்கிவிட்டார். மன்னரின் தம்பி ரிச்சர்டு காற்றாலையில் ஒளிந்து பிடிபட்டார். எட்வர்டு திரும்பியபோது களம் முடிந்திருந்தது. அவர் பணயக் கைதியானார்.

1265 நாடாளுமன்றம்தான் உலகின் முதல் நாடாளுமன்றமா?

இல்லை. நாடாளுமன்றம் என்ற பெயர் 1230-களிலேயே அரசு ஆவணங்களில் வந்துவிட்டது. 1254-இல் வரி பற்றிப் பேச ஒவ்வொரு கவுண்டியிலிருந்தும் இரண்டு நைட்டுகள் அழைக்கப்பட்டார்கள். 1264 ஜூனில் சைமனே கவுண்டிக்கு நான்கு நைட்டுகளை அழைத்தார்.

புதியது என்னவென்றால், நகரங்களின் பிரதிநிதிகளும் கவுண்டி நைட்டுகளும் ஒரே கூட்டத்தில், வரிக்காக அல்லாமல், நாட்டின் ஆட்சி பற்றிப் பேச அழைக்கப்பட்டது. அழைப்பாணைகள் 1264 டிசம்பர் 14 முதல் கிளம்பின. கூட்டம் 1265 ஜனவரி 20 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் தொடங்கியது. கவுண்டிக்கு இரண்டு நைட்டுகள். யார்க், லிங்கன் போன்ற நகரங்களுக்குத் தலா இருவர். தென்கிழக்குக் கரையின் சிங்க் துறைமுகங்கள் ஒவ்வொன்றுக்கும் நால்வர். திருச்சபையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர். பிரபுக்கள் எத்தனை பேர்? 23 மட்டும்.

நைட்டுகளையும் நகரத்தாரையும் ஏன் அழைத்தார்? விடை அந்த 23-இல் இருக்கிறது. பெரும்பாலான பிரபுக்கள் சைமனோடு இல்லை. தனக்கு ஆதரவு இருந்த நடுத்தர நிலக்கிழார்களையும் நகர வணிகர்களையும் திருச்சபையையும் அவர் அழைத்தார். அரசியல் தேவைதான் காரணம். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. 1258 முதல் புகார் திரட்டியவர்களும் ஷெரிப் வேலை பார்த்தவர்களும் இதே நைட்டுகள்தான். ஆட்சியில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. இரு சபைகளாகப் பிரிந்து உட்கார்வது அடுத்த நூற்றாண்டில் வந்த வழக்கம்.

வென்ற பிறகு இவ்வளவு சீக்கிரம் ஏன் சரிந்தார்?

லூவிஸுக்குப் பின் வகுத்த ஏற்பாடு தாளில் நன்றாகவே இருந்தது. சைமன், இளம் கிளாஸ்டர் ஏர்ல் கில்பர்ட் டி கிளேர், சிச்செஸ்டர் ஆயர் ஸ்டீவன் ஆகிய மூவர் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஒன்பது பேரில் மூவராவது எப்போதும் மன்னரோடு இருப்பார்கள். கருத்து வேறுபட்டால் மூன்றில் இரண்டு பங்கினரின் முடிவு செல்லும்.

நடைமுறையில் எல்லாம் சைமன் கையில் குவிந்தது. எட்வர்டின் செஸ்டர் ஏர்ல் பதவியைத் தனக்கே எடுத்துக்கொண்டார். மூத்த மகன் ஹென்றிக்கு டோவர் கோட்டையும் சிங்க் துறைமுகங்களும் போயின. போர்க் கைதிகளுக்கான மீட்புப் பணத்தைப் பிரிப்பதில் கில்பர்ட்டுக்கும் அவருக்கும் தகராறு. கோட்டைகளில் வெளிநாட்டு வீரர்களை வைத்திருந்தார்; 1263-இல் அந்நியரை வெளியேற்றச் சொன்னதே இவருடைய தரப்பு. 1265 பிப்ரவரியில் டன்ஸ்டபிளில் தன் மகன்களும் கில்பர்ட்டும் மோதவிருந்த படைப் பந்தயத்தைச் சைமன் தடுத்தார். கில்பர்ட் கோபத்தோடு மேற்கே போனார், திரும்பவில்லை.

மே 28 அன்று ஹியர்ஃபோர்டில் காவலில் இருந்த எட்வர்டு, ஊருக்கு வெளியே குதிரைகளைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி ஒவ்வொன்றாக ஓட்டிக் களைக்க வைத்தார். களைக்காத ஒன்றில் ஏறித் தப்பினார். காவலர்களின் குதிரைகளால் துரத்த முடியவில்லை.

ஈவ்ஷாமில் எங்கே பிசகியது?

ஆற்றில். எட்வர்டும் கில்பர்ட்டும் வூஸ்டரையும் கிளாஸ்டரையும் பிடித்து செவர்ன் ஆற்றின் பாலங்களை உடைத்தார்கள். சைமன் மேற்குக் கரையில் சிக்கினார். நியூபோர்ட்டிலிருந்து படகில் பிரிஸ்டலுக்குக் கடக்கப் பார்த்தார், படகுகள் அழிக்கப்பட்டன. வேல்ஸ் இளவரசர் லிவெலினுடன் ஜூனில் ஒப்பந்தம் செய்துகொண்டதில் அவருக்குக் காலாட்படை மட்டும் கிடைத்தது.

உதவிக்கு மகன் சைமன் பெரிய படையோடு கெனில்வொர்த் வந்தார். வந்த இரவே கோட்டைச் சுவருக்கு வெளியே, ஊருக்குள் தங்கினார்கள். எட்வர்டு வூஸ்டரிலிருந்து இரவில் பாய்ந்து, தூக்கத்தில் இருந்தவர்களைப் பிடித்தார், கொடிகளையும் கைப்பற்றினார். தந்தைக்கு இது தெரியாது. அவர் ஆகஸ்ட் 2 அன்று கெம்ப்ஸியில் செவர்னைக் கடந்து, 4 காலையில் ஈவ்ஷாம் வந்தார். வடக்கே படை தெரிந்தது, கொடிகள் மகனுடையவை. மடாலயக் கோபுரத்தில் ஏறிப் பார்த்த அவருடைய நாவிதர் நிக்கோலஸ்தான் அது எட்வர்டு என்று கண்டார் என்கிறார்கள் அக்கால எழுத்தாளர்கள்.

ஈவ்ஷாம் ஏவன் ஆற்றின் வளைவுக்குள் இருக்கிறது. மூன்று பக்கம் தண்ணீர். வடக்கே கிரீன் ஹில் மேடு மட்டும் வழி. அங்கே எட்வர்டும் கில்பர்ட்டும் நின்றார்கள்; பாலத்தின் பக்கம் ரோஜர் மார்டிமர். லூவிஸில் மேட்டிலிருந்து இறங்கி வென்றவர் இங்கே மேட்டை நோக்கி ஏற வேண்டியிருந்தது. மின்னல் மழையில் நேராக நடுவை உடைக்கப் பாய்ந்தார். பக்கங்கள் மூடிக்கொண்டன. வேல்ஸ் காலாட்கள் ஓடினார்கள். பிரபுக்களைக் கொல்லாமல் பிடித்து மீட்புப் பணம் வாங்குவதே அதுவரை மரபு. அன்று எட்வர்டு தரப்பு சைமனைக் கொல்வதற்கென்றே ஆட்களை ஒதுக்கியிருந்தது. மார்டிமரின் ஈட்டி கழுத்தில் பாய்ந்தது என்று ஒரு குறிப்பு சொல்கிறது. மகன் ஹென்றி, ஹியூ டெஸ்பென்சர் உட்பட சுமார் 30 நைட்டுகள் அவரோடு வெட்டப்பட்டார்கள். அடையாளம் தெரியாத கவசத்தில் சைமனின் படையோடு இழுத்துவரப்பட்ட மன்னர் ஹென்றி தோளில் காயம்பட்டு, நான்தான் உங்கள் மன்னன் என்று கத்தித் தப்பினார்.

அவரைப் புனிதராக வணங்கினார்களா?

ஆம். உடல் சிதைக்கப்பட்டது: தலையை வெட்டி மார்டிமரின் மனைவிக்கு விக்மோர் கோட்டைக்கு அனுப்பினார்கள், கைகளும் கால்களும் வெவ்வேறு பக்கம் போயின. மிஞ்சியதை ஈவ்ஷாம் துறவிகள் மடாலயத்தில் புதைத்தார்கள். கவசத்துக்கு அடியில், தவத்துக்காக உடலை வருத்தும் முரட்டு மயிராடை அணிந்திருந்தார் என்ற செய்தி பரவியது. நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 200 அற்புதங்கள் எழுதிவைக்கப்பட்டன. கிளர்ச்சிக்காரர்களோடு சமரசம் செய்ய வந்த 1266 அக்டோபர் 31-இன் கெனில்வொர்த் தீர்மானம் அவரைப் புனிதர் என்று சொல்வதையே தடைசெய்தது. மக்கள் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் தடை வந்தது. ரோம் அவரைப் புனிதராக அறிவிக்கவில்லை.

யூதர்களுக்கு அவர் செய்தது என்ன?

கொடுமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. லெஸ்டரை ஏற்ற உடனேயே, தன் காலத்திலும் வாரிசுகள் காலத்திலும் உலகம் முடியும்வரை யூதர் அந்த நகரில் வாழக்கூடாது என்று சாசனம் எழுதினார். 1264 ஏப்ரலில் அவருடைய கூட்டாளி ஜான் ஃபிட்ஸ் ஜான் தலைமையில் லண்டன் யூதர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கொள்ளையில் ஒரு பங்கு சைமனுக்கு வந்தது. வட்டிக் கடனில் மூழ்கிய நைட்டுகளின் ஆதரவு அவருக்கு வேண்டியிருந்தது, கடன் பத்திரங்கள் எரிந்தது அவர்களுக்குப் பிடித்தது. அவர் பேசிய நீதியின் எல்லைக்குள் யூதர்கள் வரவே இல்லை. 2001-இல் லெஸ்டர் நகர மன்றம் அவருடைய யூத வெறுப்பைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதே நகரில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமும், மணிக்கூண்டில் ஒரு சிலையும் இருக்கின்றன.

குடும்பம் என்ன ஆனது?

எலினர் 1265 ஜூனில் ஓடிஹாம் கோட்டையிலிருந்து டோவருக்குப் போயிருந்தார். அந்த ஆண்டின் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரையிலான அவருடைய வீட்டுச் செலவுக் கணக்குச் சுருள் இன்றும் இருக்கிறது. ரொட்டி, மீன், குதிரைத் தீனி, தூதர்களுக்குக் கொடுத்த கூலி என நாள்வாரியாக எழுதிய அந்தச் சுருள்தான் ஒரு ஏர்ல் வீட்டின் அன்றாடத்தை அறியச் சிறந்த வழி. பிறகு பிரான்சுக்குப் போய், 1275-இல் மோன்டார்ஜி கன்னியர் மடத்தில் இறந்தார். மகன்கள் கை (Guy) என்பவரும் சைமனும் 1271 மார்ச் 13 அன்று இத்தாலியில் விட்டர்போ தேவாலயத்தில் வழிபாட்டில் இருந்த தங்கள் மாமன் மகன் ஹென்றியைக் கொன்றார்கள்; ஈவ்ஷாமுக்குப் பழி. மகள் எலினர் 1278-இல் லிவெலினை மணந்தார்.

அவர் தோற்ற பிறகு சீர்திருத்தங்களில் எது நிலைத்தது?

நிறையவே. கெனில்வொர்த் கோட்டையில் அவருடைய ஆட்கள் 1266 டிசம்பர் வரை, சுமார் ஆறு மாதம் முற்றுகையைத் தாங்கினார்கள். பசியும் நோயும்தான் பணியவைத்தன. அந்த எதிர்ப்பின் விளைவுதான் கெனில்வொர்த் தீர்மானம்: கிளர்ச்சிக்காரர்களின் நிலத்தை அடியோடு பறிக்காமல், விலை கொடுத்து மீட்க வழி தந்தது. பொதுவாக ஐந்து ஆண்டு வருமானம். கடும் குற்றவாளிகளுக்கு ஏழு. சிறிய பங்குள்ளவர்களுக்கு இரண்டு.

1267-இன் மார்ல்பரோ சட்டம் வெஸ்ட்மின்ஸ்டர் விதிகளின் பெரும்பகுதியை மன்னர் பெயரிலேயே மறுபடி இயற்றியது. அதன் சில பிரிவுகள் இன்றும் இங்கிலாந்தில் நடப்பில் உள்ளன. மன்னரான பின் எட்வர்டு 1275-லும் 1295-லும் நைட்டுகளையும் நகரத்தாரையும் நாடாளுமன்றத்துக்கு அழைத்தார். ஆட்சிக்குழு மன்னரைக் கட்டுப்படுத்தும் பகுதியை மட்டும் அவர் தொடவே இல்லை.